கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்லுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் சிட்கோ பக்கமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: தொழிற்சாலைக்குள் ஆஸ்பத்திரிக்காக நடக்கும் வசூல். அதனால் இந்த இதழ்ப் பக்கம் முழுக்க அதற்கே.

கே: ஆஸ்பத்திரிக் கட்டட நிதிக்கு எல்லாரும் ஒரு நாள் சம்பளம் தர வேண்டும் என்று நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். தர விருப்பமில்லாதவர்கள் எழுதிக் கொடுக்கலாமாம். இது சரியா?
— ரோலிங் மில் தொழிலாளி, கும்மிடிப்பூண்டி

ப: தருகிறேன் என்பதற்குத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். தரவில்லை என்பதற்குக் கையெழுத்துக் கேட்பது முறையல்ல. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு தன் ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் தர இயலாதவர்கள் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனைக்குத் தடை போட்டது. அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. 2018 அக்டோபர் 29 அன்று அங்கேயும் தடையை விலக்க மறுத்துவிட்டார்கள். வீட்டில் என்ன கஷ்டமோ, யாருக்கு வைத்தியமோ, அதையெல்லாம் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஒருவர் நன்கொடை தராமல் இருக்கலாம் என்றால், அது கேட்பவருக்கு அழகில்லை.

கே: மேனேஜர் நினைத்தால் சம்பளத்தில் நேராகப் பிடித்துக்கொள்ள முடியுமா?
— மெஷின் ஆபரேட்டர், தேர்வாய் கண்டிகை

ப: முடியாது. கூலியிலிருந்து எதையெல்லாம் பிடிக்கலாம் என்று 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம் பட்டியல் போட்டது. பிரதமர் நிவாரண நிதிக்குப் பிடிப்பதென்றால்கூடத் தொழிலாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும் என்றது. இப்போதுள்ள ஊதியச் சட்டத் தொகுப்பும், பட்டியலுக்கு வெளியே பிடித்தம் கூடாது என்ற அடிப்படையை விடவில்லை. எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு: சம்பளம் முழுதாக உங்கள் கணக்குக்கு வரட்டும். தர நினைக்கும் தொகையை அங்கிருந்து நீங்களே மாதாமாதம் ஆஸ்பத்திரி அறக்கட்டளைக்கு அனுப்புங்கள். நிறுத்த வேண்டுமென்றாலும் யார் முன்னாலும் போய் நிற்க வேண்டாம்.

கே: ஐயா, இ.எஸ்.ஐ.க்கு மாதாமாதம் பிடிக்கிறார்கள். அதுவும் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் தரும் பணம்தானே? மேலே எதற்கு நன்கொடை?
— பேக்கிங் பிரிவு ஊழியர், காக்களூர்

ப: இ.எஸ்.ஐ. உங்கள் உரிமைக்கான சந்தா. 2019 ஜூலையிலிருந்து உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். மாதம் 16,000 ரூபாய் வாங்குபவர் கட்டுவது 120 ரூபாய். அவருக்காக நிறுவனம் கட்டுவது 520 ரூபாய். இதற்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சையை உரிமையாகக் கேட்டு வாங்கலாம். நன்கொடை முகம் தெரியாத ஒருவருக்குப் போவது. திரும்ப எதையும் எதிர்பார்க்க முடியாது. அதனால் சந்தா கட்டியாயிற்று, நன்கொடைக்கு வழியில்லை என்று நீங்கள் சொன்னால் அதில் தப்பே கிடையாது. ஆனால் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இ.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டாத நிறுவனம் ஆஸ்பத்திரிக்கு உண்டியல் வைத்தால், முதலில் அந்தப் பாக்கியைக் கட்டச் சொல்லுங்கள்.

கே: தொழிலாளிகள் கூலிக் காசில் ஆஸ்பத்திரி நடந்ததாக எங்காவது உண்டா?
— தொழிற்சங்க உறுப்பினர், கவரைப்பேட்டை

ப: நன்றாகவே நடந்திருக்கிறது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ட்ரெடிகர் என்றோர் ஊர். இரும்பும் நிலக்கரியும்தான் அங்கே பிழைப்பு. அந்த ஊர்த் தொழிலாளிகள் 1890இல் மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். கூலியில் சிறு பங்கு சங்கத்துக்குப் போகும். குடும்பத்துக்கு டாக்டரும் மருந்தும் ஆஸ்பத்திரியும் கிடைக்கும். சுரங்கத்தில் வேலை பார்த்த அனூரின் பெவன் அந்த ஆஸ்பத்திரிக் கமிட்டியில் இருந்தவர். பிற்பாடு பிரிட்டனின் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலை 5 அன்று நாடு முழுமைக்கும் இலவச மருத்துவ சேவையைத் தொடங்கியபோது, தன் ஊரில் பார்த்ததைத்தான் தேசத்துக்கு விரித்தார்.

லண்டனில் 1873இல் ஆஸ்பத்திரி சனிக்கிழமை நிதி என்று ஒன்று தொடங்கியது. சனிக்கிழமை சம்பள நாள், பட்டறைகளிலேயே வசூல். கும்மிடிப்பூண்டியும் இரும்பு உருக்கும் ஊர்தான். ட்ரெடிகரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, காசு கொடுத்தவருக்குக் கமிட்டியில் நாற்காலி போட்டார்கள் என்பதை. மாலையும் பொன்னாடையும் அன்றைக்கே முடிந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்தவர் செலவைப் பற்றிக் கேள்வி கேட்பார்.

கே: அரசு செய்ய வேண்டிய வேலைக்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?
— டூல் ரூம் ஊழியர், திருவள்ளூர்

ப: தர வேண்டும் என்று கட்டாயமில்லை. அரசைக் கேட்பதையும் நிறுத்தக் கூடாது. ஆனால் அரசு அசையும்வரை நோய் காத்திருப்பதில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தனியாக ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி வேண்டும் என்று அவர் அலைந்தபோது ஆட்சியில் இருந்தவர்களுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வழியாக ஊரெல்லாம் நிதி திரட்டினார். 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். பொதுமக்கள் காசு முதலில் போனது. அரசு உதவி பின்னால் வந்தது. நன்கொடைக்கு அப்படியொரு வேலை உண்டு. எது அவசியம் என்று அரசுக்குக் கட்டிக் காட்டும்.

கே: நூறு ரூபாய்தான் போட முடிந்தது. லட்சக்கணக்கில் தருபவர்கள் நடுவில் கூச்சமாக இருக்கிறது.
— ஹெல்ப்பர், கும்மிடிப்பூண்டி

ப: கூச்சத்தை விடுங்கள். ட்ரெடிகர் சங்கம் நடந்தது கூலியிலிருந்து போன சிறு பங்குகளால்தான்.

கே: நன்கொடையாளர் கல்வெட்டில் எம்.டி. பெயர் பெரிய எழுத்தில். எங்கள் 400 பேருக்கும் சேர்த்து "மற்றும் ஊழியர்கள்" என்று ஒரே வரி. கேட்டால் இடமில்லை என்கிறார்கள்.
— ஃபர்னஸ் பிரிவுத் தொழிலாளி, சிப்காட்

ப: ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உளியால் கொத்தியவர்களுக்கு இடம் இருந்தது. தஞ்சைப் பெரிய கோவிலில் ராஜராஜன் வெட்டச் சொன்னதைப் பாருங்கள்: தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, அதோடு மற்றவர்கள் கொடுத்ததும். நகை கொடுத்திருந்தால் என்ன எடை, எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்பது வரை உண்டு. ஆடவல்லான் என்பது அந்தக் கல்லின் பெயர். கோவிலில் ஆடிய 400 பெண்களின் பெயர், வீடு இருந்த தெரு, ஆளுக்கு எவ்வளவு நெல் என்பதுகூடக் கல்லில் இருக்கிறது. உங்கள் எண்ணிக்கையும் 400தான்.

நம் ஊர்க் கல்யாண மொய் நோட்டில் 101 ரூபாய் எழுதியவர் பெயரும் 10,000 எழுதியவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கும். ஆஸ்பத்திரிப் பட்டியலும் அப்படி இருக்கட்டும். அகர வரிசையில், ஒரே எழுத்தில், தொகை போடாமல்.

கே: எங்களிடம் வசூலித்த பணத்தை, நிறுவனத்தின் பெயர் போட்ட ஆளுயரச் செக்காக மேடையில் கொடுத்தார்கள். இது நியாயமா?
— சூப்பர்வைசர், தேர்வாய் கண்டிகை

ப: நியாயமில்லை. நிறுவனத்துக்குத் தனிக் கடமை இருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, கடந்த மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம். அது கம்பெனியின் சொந்தப் பணமாக இருக்க வேண்டும்; ஊழியர் பணத்தை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவதையும் அதில் சேர்க்க முடியாது. மேடையில் இரண்டு செக் இருக்கட்டும். ஊழியர் செக்கை ஷிப்டில் மூத்த தொழிலாளி ஒருவர் கொடுக்கட்டும். நீங்கள் ஒரு ரூபாய் போட்டால் நாங்களும் ஒரு ரூபாய் போடுகிறோம் என்று சொல்லும் நிர்வாகம் இன்னும் மேலானது.

கே: வருமான வரியில் கழிவு கிடைக்குமா?
— கணக்குப் பிரிவு ஊழியர், பொன்னேரி

ப: 80ஜி என்று நாம் பழகிய சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறைக்கு மாறியிருந்தால் இல்லை. பதிவு பெற்ற அறக்கட்டளை ஆஸ்பத்திரிக்குத் தந்தால் பொதுவாகப் பாதித் தொகைக்குக் கழிவு. அதற்கும் வருமானத்தில் 10 சதவீதம் என்று உச்சவரம்பு உண்டு. முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குத் தந்தால் முழுத் தொகைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கழிவே கிடையாது. வங்கி வழியாகவோ யு.பி.ஐ.யிலோ அனுப்புங்கள். அறக்கட்டளை தரவேண்டிய நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அதில் பெயர் உங்களுடையதாக இருக்க வேண்டும். கம்பெனி மொத்தமாகக் கட்டி ஒரே ரசீது வாங்கிவிட்டால் உங்களுக்கு ஒன்றும் இல்லை.

கே: நன்கொடை தந்தவர் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியில் முன்னுரிமை தரலாமே?
— வாசகர், மீஞ்சூர்

ப: கூடவே கூடாது. பிரிட்டனின் பழைய தர்ம ஆஸ்பத்திரிகளில் அப்படி இருந்தது. சந்தா கட்டிய கனவான்கள் கையில் சிபாரிசுச் சீட்டு. ஏழை நோயாளி அந்தச் சீட்டைத் தேடி வீடு வீடாகப் போக வேண்டும். காய்ச்சலோடு ஒருவர் கனவான் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். ஸ்ட்ரெச்சரில் யார் வந்தாலும் காயத்தின் ஆழம்தான் வரிசையை முடிவு செய்ய வேண்டும்.

கே: ஆஸ்பத்திரிக்கே நன்கொடையாளர் பெயர் வைப்பது பற்றி?
— வாசகி, திருவொற்றியூர்

ப: மனமாரக் கொடுத்தவர் பெயரை ஊர் தானாகவே சொல்லும். உங்களுக்குப் பக்கத்திலேயே ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். இருக்கிறது. ராஜா சர் ராமசாமி முதலியார் 19ஆம் நூற்றாண்டில் கொடுத்த கொடை. வடசென்னையில் எத்தனையோ பேர் பிறந்த இடம் எதுவென்றால் அந்த நாலு எழுத்தைத்தான் சொல்வார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் ஆஸ்பத்திரி கட்ட அமெரிக்காவில் நிதி கேட்டபோது, ஷெல் என்ற வங்கிக்காரர் 10,000 டாலர் கொடுத்தார். தன் பெயரை வைக்கச் சொல்லவில்லை. காலமான மனைவி மேரி டேபர் ஷெல்லின் பெயரைக் கேட்டார். 1902இல் திறந்த அந்த இடம் இன்றும் ஷெல் கண் ஆஸ்பத்திரி.

கே: எனக்குப் பெயர் போடுவதே பிடிக்காது. பட்டியலில் கட்டாயம் சேர்க்கிறார்களே?
— லேப் டெக்னீஷியன், திருவள்ளூர்

ப: படிவத்தில் ஒரு கட்டம் போதும்: பெயர் வெளியிடலாமா, ஆம், வேண்டாம். வேண்டாம் என்றவர் பெயரைப் போடுவதும், போடு என்றவர் பெயரை விடுவதும் ஒரே தவறு. ரசீது மட்டும் இருவருக்கும் கட்டாயம்.

கே: ஒடிசா, பீகார் தம்பிகளும் எங்களோடு வேலை செய்கிறார்கள். அவர்களிடமும் கேட்கலாமா?
— லைன் லீடர், கும்மிடிப்பூண்டி

ப: கேட்பதற்கு முன் அவர்கள் மொழியில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள்: எந்த ஆஸ்பத்திரி, எதற்குப் பணம், தர முடியாவிட்டால் ஒன்றும் இல்லை என்று. சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்கு அனுப்புகிற பிள்ளைகள். லேபர் கான்ட்ராக்டர் வழியாகக் கேட்காதீர்கள். அவர் கேட்டால் அது அவர்களுக்கு உத்தரவு. தந்தவர் பெயரைச் சரியான எழுத்தில் பட்டியலில் போடுங்கள். ஆஸ்பத்திரியிடமும் ஒன்று கேளுங்கள்: இரவு 2 மணிக்குக் கை நசுங்கி அந்தத் தம்பி வந்தால், எங்கே வலிக்கிறது என்று இந்தியில் கேட்க ஆள் உண்டா? அந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு அவர்களிடம் நிதி கேளுங்கள்.

கே: சென்னையிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத் தருவதா, நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கா?
— ஸ்டோர்ஸ் ஊழியர், கும்மிடிப்பூண்டி

ப: ஊர் ஆஸ்பத்திரிக்கே முதலிடம் தருவேன். இங்கிருந்து சென்னை சுமார் 45 கிலோமீட்டர். கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் போக வேண்டும். முதல் ஒரு மணி நேரம் உள்ளூரில் கழிவது உயிருக்கு நல்லது. 2022 ஜனவரி 12 முதல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிக்கு எப்படித் தருவது என்று தயங்க வேண்டாம். நோயாளர் நலச் சங்கம் என்ற அமைப்பு வழியாக ரசீதோடு தரலாம்.

ஆனால் நீங்களாக ஒரு கருவியை முடிவு செய்து வாங்கி இறக்காதீர்கள். தலைமை மருத்துவரிடம் போய் எது இல்லை என்று கேளுங்கள். வாங்கும்போதே ஐந்து வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். ஒரு போர்டு பழுதானதற்காக, ரிப்பன் வெட்டிய படத்துக்குக் கீழே போர்வை மூடிக் கிடக்கும் கருவி யாருக்கும் பெருமை சேர்க்காது.

கே: காசு இல்லை. ஆனால் ஏதாவது செய்ய ஆசை.
— அப்ரண்டீஸ், காக்களூர்

ப: ரத்தம் கொடுங்கள். 18 முதல் 65 வயது, எடை 45 கிலோவாவது, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை தரலாம். தொழிற்சாலையில் முகாம் போடுபவர்கள் கவனிக்க: நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வருபவரிடம் எடுக்கக் கூடாது. உலை முன்னால் நிற்பவர்போல உடலை வருத்தும் வேலை என்றால், கொடுத்த பிறகு அடுத்த ஷிப்டுக்கு 24 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ரத்தத்துக்குக் காசு கொடுக்கவும் கூடாது. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு ரத்தம் எடுப்பது நாட்டில் தடை. ரத்தம் தந்தவருக்கு ஒரு நாள் இலகுவான வேலை கொடுங்கள், அதுவே மரியாதை.

கே: தமிழ்நாட்டில் கொடையாளருக்குச் செய்த மரியாதைகளில் உங்கள் மனதைத் தொட்டது?
— வாசகி, ஊத்துக்கோட்டை

ப: 2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை, டாக்டர்களான அவர் பெற்றோர் தானம் செய்தார்கள். மாநிலமே உறுப்பு தானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது அப்போதுதான். 2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். கூலிக்காரர் வீடானாலும் மாலையோடு அரசு வந்து நிற்கிறது. பணமோ பதவியோ பார்க்காமல், கொடுத்ததை மட்டும் பார்க்கும் மரியாதை அது.

கே: இலங்கைத் தமிழர் பகுதியில் இப்படி ஏதாவது நடந்ததுண்டா?
— முகாம்வாசி, கும்மிடிப்பூண்டி

ப: யாழ்ப்பாணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியைச் சொல்ல வேண்டும். அதற்கு நிதி திரட்ட, ஆடைத் தொழிலில் நிர்வாகிகளாக இருந்த நாதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் 2011 ஜூலையில் தென்கோடித் தேவேந்திரமுனையில் நடக்கத் தொடங்கினார்கள். சுமார் 670 கிலோமீட்டர் நடந்து வடகோடிப் பருத்தித்துறையை அடைந்தார்கள். வழிநெடுகச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கூட நடந்தார்கள், தங்களால் ஆனதைப் போட்டார்கள். போர் முடிந்து இரண்டே வருஷம் ஆகியிருந்தது. 2016இல் வடக்கிலிருந்து தெற்கே நடந்தார்கள். அந்த முறை காலியை அடுத்த கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்காக.

கே: நான் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். வசூலை எப்படி நடத்தினால் யாருக்கும் மனக்குறை வராது?
— எச்.ஆர். அலுவலர், திருவள்ளூர்

ப: மேலதிகாரி நேரில் கேட்க வேண்டாம். பிரிவுவாரியாக எத்தனை சதவீதம் பேர் தந்தார்கள் என்று போட்டி வைக்க வேண்டாம். தராத நாலு பேர் பெயர் அதிலேயே தெரிந்துவிடும். கமிட்டியில் பாதிப் பேர் ஷிப்ட் தொழிலாளிகளாக இருக்கட்டும், பெண்களும் கான்ட்ராக்ட் ஆட்களும் சேர்த்து. மாதம் ஒருமுறை டைம் ஆபீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள். அதில் ஐந்து வரி போதும்: வந்த தொகை, ஆஸ்பத்திரிக்குப் போன தேதி, அதில் வாங்கியது என்ன, அது வேலை செய்கிறதா, இந்த மாதம் எத்தனை நோயாளிகளுக்குப் பயன்பட்டது. நோயாளியின் பெயரும் படமும் வேண்டாம்.

காஞ்சிபுரம் மாவட்டத் திருமுக்கூடல் பெருமாள் கோவிலுக்கு ஒருமுறை போய் வாருங்கள். 11ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. கோவிலோடு சேர்ந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கை, ஒரு வைத்தியர், ஒரு அறுவை மருத்துவர், பணிப்பெண்கள், அவரவர் சம்பளம், இருப்பு வைக்கவேண்டிய மருந்துகள் என்று எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. கொடுத்தது என்ன ஆகிறது என்பதை எவரும் படிக்கலாம். உங்கள் பலகைத் தாளுக்கு அதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

கே: நன்கொடை தந்தவருக்கு ஆஸ்பத்திரி செய்யக்கூடிய ஆகப் பெரிய மரியாதை எது?
— வாசகர், கும்மிடிப்பூண்டி

ப: அடுத்த வருஷம் கேட்க வரும்போது, போன வருஷக் கணக்கைக் கையோடு கொண்டு வருவது.